கடன்பட்டவர் மட்டுமா திருந்த வேண்டும்?

உலக வாணிபத்தில் ஒரு நாட்டின் உபரி இன்னொரு நாட்டின் பற்றாக்குறையாகவே இருக்க முடியும். எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் இறக்குமதியைவிட அதிகமாக ஏற்றுமதி செய்துவிட இயலாது. இந்தக் கணக்கை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், ஏற்றத்தாழ்வு எல்லை மீறும்போது தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியது யார் என்ற கேள்விக்கு உலக நிதி அமைப்பு எண்பது ஆண்டுகளாக ஒரே விடையைத்தான் அளித்து வருகிறது: பற்றாக்குறையில் விழுந்த நாடு. 1991-இல் இந்தியா, 1997-இல் தாய்லாந்து, 2010-இல் கிரீஸ், 2022-இல் இலங்கை என இந்த விடைக்கு விலை கொடுத்த நாடுகளின் பட்டியல் நீளமானது.

டாலரை அச்சிடும் அமெரிக்கா மட்டுமே இதற்கு விதிவிலக்கு. அந்த நாடே இப்போது பொறுமையிழந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 2 அன்று அதிபர் டிரம்ப் அறிவித்த பதிலடி வரிகள் எப்படிக் கணக்கிடப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டுடன் அமெரிக்காவுக்கு உள்ள சரக்கு வாணிபப் பற்றாக்குறையை, அந்நாட்டிலிருந்து வரும் இறக்குமதியின் மதிப்பால் வகுத்து, கிடைத்த விகிதத்தில் பாதியை வரியாக அறிவித்தார்கள். அந்நாடு அமெரிக்கப் பொருள்களுக்கு உண்மையில் எவ்வளவு சுங்கவரி விதிக்கிறது என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை. உபரி வைத்திருப்பதே குற்றம் என்பதுதான் அதன் உட்பொருள்.

என் பார்வையில், இந்த நோயறிதலில் பாதி உண்மை இருக்கிறது. மருந்து முற்றிலும் தவறு. 2024-இல் சீனாவின் சரக்கு வாணிப உபரி ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலரை எட்டியது. இவ்வளவு பெரிய உபரி மற்ற நாடுகளின் தொழில்களை நசுக்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், வலிமையுள்ள நாடு தன் விருப்பப்படி ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியே மிரட்டுவது சீர்திருத்தம் ஆகாது. இந்தச் சிக்கலுக்கு விதிகளின் வழியாக ஒரு தீர்வை 1940-களிலேயே வகுத்தவர் ஜான் மேனார்டு கெயின்ஸ். அத்தீர்வை இன்று மறுபடியும் எடுத்துப் பார்க்கும் தேவை எழுந்திருக்கிறது.

கெயின்ஸ் கண்ட குறை

கெயின்ஸுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1906 முதல் 1908 வரை லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர். 1913-இல் வெளியான அவருடைய முதல் நூலே இந்தியாவின் நாணயமும் நிதியும் பற்றியது. ஒரு நாட்டின் நாணய ஏற்பாடு இன்னொரு நாட்டின் தலைநகரில் முடிவாகும்போது என்ன நிகழும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

1925-இல் பிரிட்டன், முதல் உலகப் போருக்கு முந்தைய மதிப்பிலேயே பவுண்டைப் பொன் திட்டத்தில் மறுபடியும் இணைத்தது. அந்த மதிப்பு மிக உயர்ந்தது என்றும், ஏற்றுமதியைக் காப்பாற்றத் தொழிலாளர் ஊதியத்தை வெட்ட நேரிடும் என்றும் கெயின்ஸ் எச்சரித்தார். அடுத்த ஆண்டே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஊதியப் பிரச்சினை பொது வேலைநிறுத்தமாக வெடித்தது. அதே காலத்தில் அமெரிக்காவும் பிரான்சும் தங்கத்தைக் குவித்துக்கொண்டிருந்தன. குவித்த நாடுகளை இறக்குமதியைப் பெருக்குமாறோ விலைகளை உயரவிடுமாறோ யாரும் கட்டாயப்படுத்த முடியவில்லை. தங்கத்தை இழந்த நாடோ வட்டியை உயர்த்தி, செலவைக் குறைத்து, வேலையின்மையைச் சுமக்க வேண்டியிருந்தது. கடனாளி திருந்துவது கட்டாயம், கடன் கொடுத்தவர் திருந்துவது விருப்பம் என்ற இந்த ஒருதலைப்பட்சமே பன்னாட்டு நாணய முறையின் அடிப்படைக் குறை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பான்கார் என்னும் கணக்கு நாணயம்

ஒரே ஒரு வங்கி மட்டும் உள்ள கடைத்தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். எல்லா வணிகர்களும் அந்த வங்கியிலேயே கணக்கு வைத்திருக்கிறார்கள். பணம் ஊரைவிட்டு வெளியே போவதில்லை. ஒரு வணிகர் விற்றுக்கொண்டே இருக்கிறார், யாரிடமும் எதையும் வாங்குவதில்லை என்றால், அவருடைய கணக்கில் பணம் குவியும். மற்றவர்களின் கணக்குகள் வறண்டுபோகும். அவர்கள் செலவைச் சுருக்கச் சுருக்கத் தெருவின் வியாபாரமே படுத்துவிடும். முடிவில் விற்பவரின் சரக்கும் தேங்கும். குவிந்துகிடக்கும் பணத்தை வங்கி மற்றவர்களுக்குக் கடனாக வழங்கினால் வியாபாரம் தொடரும். குவிப்பவரைச் செலவிடத் தூண்டினால் கணக்கும் காலப்போக்கில் சமனாகும்.

1943-இல் வெளியான கெயின்ஸின் ‘பன்னாட்டுத் தீர்வு ஒன்றியம்’ என்னும் திட்டத்தின் சாரம் இதுதான். நாடுகளின் மத்திய வங்கிகள் அந்த ஒன்றியத்தில் கணக்கு வைத்துக்கொள்ளும். ‘பான்கார்’ என்ற கணக்கு நாணயத்தில் மட்டுமே அவற்றின் வரவு செலவு தீர்க்கப்படும். போருக்கு முந்தைய வாணிப அளவைப் பொறுத்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஒதுக்கீடு உண்டு. பற்றாக்குறை நாடு குறிப்பிட்ட வரம்புவரை, வங்கியில் ஓவர்டிராஃப்ட் பெறுவதைப்போல, கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளலாம்.

திட்டத்தின் உயிர் அதன் கட்டண விதியில் இருந்தது. ஒரு நாட்டின் சராசரி இருப்பு, அது வரவாக இருந்தாலும் பற்றாக இருந்தாலும், ஒதுக்கீட்டில் கால் பங்கைத் தாண்டினால் ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம். அரைப் பங்கைத் தாண்டினால் மேலும் 1 விழுக்காடு. உபரி அளவுக்கு மீறி நீடித்தால், உள்நாட்டுத் தேவையைப் பெருக்குவது, நாணய மதிப்பையோ ஊதியத்தையோ உயர்த்துவது, சுங்கவரியைக் குறைப்பது, ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குக் கடன் தருவது ஆகிய வழிகளைப் பற்றி அந்த நாடு ஒன்றியத்துடன் கலந்து பேச வேண்டும். உழைத்து ஈட்டியதற்கான தண்டனையாக அவர் இதைக் கருதவில்லை. ஈட்டியதைப் பயன்படுத்துமாறு விடுக்கும் அழைப்பாகவே கருதினார்.

பிரெட்டன் வுட்ஸில் நடந்தது

1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடின. அப்போது உலகின் பெரும் உபரி நாடு அமெரிக்கா; பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. எனவே, உபரி நாட்டைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை அமெரிக்கா ஏற்கவில்லை. அமெரிக்கக் கருவூலத்தின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் வகுத்த திட்டமே வென்றது. கெயின்ஸ் எண்ணியது சுமார் 2,600 கோடி டாலர் கடன் வசதி. சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப். பிறந்தது சுமார் 880 கோடி டாலர் ஒதுக்கீட்டுடன். அவுன்ஸ் ஒன்றுக்கு 35 டாலர் என்ற விலையில் தங்கத்தோடு பிணைக்கப்பட்ட டாலர், பான்காரின் இடத்தில் அமர்ந்தது. உபரி நாட்டுக்கு எதிரான ஒரே ஆயுதமாக ‘அரிதான நாணயம்’ என்ற விதி சேர்க்கப்பட்டது. நிதியத்தில் ஒரு நாட்டின் நாணயம் தட்டுப்பாடானால், அந்த நாட்டுடனான பரிவர்த்தனைகளை மற்றவர்கள் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் கருத்து. இன்றுவரை அந்த விதி ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

அந்த மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளாக ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக், தொழிலதிபர் ஏ.டி. ஷ்ராஃப், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோரும் இருந்தனர். அவர்கள் எழுப்பிய கோரிக்கை விநோதமானது. ஏழை இந்தியா அங்கே கடன் கொடுத்த நாடாக நின்றது. போருக்காக இந்தியாவிலிருந்து பிரிட்டன் எடுத்துக்கொண்ட பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஈடாக லண்டனில் சேர்ந்த ஸ்டெர்லிங் இருப்பு, போர் முடிவில் சுமார் 130 கோடி பவுண்டைத் தொட்டது. வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்ட அதே ஆண்டுகளில் சேர்ந்த கடன் அது. அதைப் பன்னாட்டு விதிகளின் கீழ் தீர்க்க வழி வேண்டும் என்று இந்தியா கேட்டது. மறுத்தவர்களின் வரிசையில் கெயின்ஸும் இருந்தார். அது இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டியது, பிரிட்டன் நேர்மையாக நடந்துகொள்ளும் என்பதே அவர் தந்த பதில்.

இந்த நிகழ்வை நான் நினைவூட்டுவது கெயின்ஸைக் குறைத்துக் காட்டுவதற்காக அல்ல. எவ்வளவு பெரிய சிந்தனையாளரும் தன் நாட்டு நலன் குறுக்கிடும்போது விதியை விட்டுவிட்டு நல்லெண்ணத்தை நம்பச் சொல்கிறார். ஆகவேதான், நல்லெண்ணத்தை நம்பியிராத விதிகள் தேவைப்படுகின்றன.

காப்பீட்டின் விலை

ஒரு நாட்டின் நாணயமே உலக நாணயமாக இருப்பதில் உள்ள முரணை 1960-இல் பொருளியலாளர் ராபர்ட் டிரிஃபின் விளக்கினார். உலகத்துக்குப் போதிய டாலர் கிடைக்க அமெரிக்கா தொடர்ந்து டாலரை வெளியே அனுப்ப வேண்டும். அப்படி அனுப்ப அனுப்ப, டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவோம் என்ற வாக்குறுதி நம்பிக்கை இழக்கும். 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் அந்த வாக்குறுதியை முறித்தார். தங்கம் போனது, டாலரின் ஆதிக்கம் நிலைத்தது.

அதன் பிறகு வளரும் நாடுகள் கற்ற பாடம், ஆபத்துக் காலத்தில் எவரும் உதவமாட்டார்கள் என்பதுதான். 1991-இல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே செலாவணி எஞ்சிய நிலையில், சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்து இந்தியா திரட்டியது ஏறத்தாழ 40 கோடி டாலர்தான். 2013-இல் அமெரிக்க மத்திய வங்கி தன் கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கப்போவதாகச் சொன்னதும், மே மாதத்தில் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயை எட்டியது. இன்று இந்தியா 60,000 கோடி டாலருக்கும் அதிகமான கையிருப்பை வைத்திருப்பதற்குக் காரணம் இந்த அனுபவங்களே.

இந்தக் காப்பீடு இலவசமாகக் கிடைப்பதில்லை. அந்தக் கையிருப்பின் பெரும்பகுதி பணக்கார நாடுகளின் அரசுக் கடன்பத்திரங்களில் குறைந்த வட்டிக்கு முடங்குகிறது. நம் நிறுவனங்களோ வெளிச்சந்தையில் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. ஏழைகள் பணக்காரர்களுக்கு மலிவாகக் கடன் கொடுக்கும் ஏற்பாடு இது. ஒவ்வொரு நாடும் தனித்தனியே டாலரைச் சேமித்துவைக்கும்போது, உலகின் மொத்தத் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. கடைத்தெரு முழுவதும் பணத்தைப் பெட்டியில் பூட்டிவைத்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

இலங்கை காட்டும் பாடம்

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே, பசிக்கு அஞ்சிய குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. 2019-இறுதியின் பெரும் வரிக்குறைப்பும், 2021-இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையும் அந்நாட்டு ஆட்சியாளர்களின் சொந்தத் தவறுகள். அவற்றை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் உலக அமைப்பின் மேல் போடுவது நேர்மையாகாது.

ஆனால், தவறு செய்தவர்களும் தண்டனை பெற்றவர்களும் வெவ்வேறு மனிதர்கள். கொழும்பில் பணவீக்கம் 2022 செப்டம்பரில் 70 விழுக்காட்டை நெருங்கியது. மின்கட்டணம் அந்த ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும், அடுத்த பிப்ரவரியில் 66 விழுக்காடும் உயர்ந்தது. 2023 மார்ச்சில் நிதியம் ஒப்புக்கொண்ட கடன் சுமார் 300 கோடி டாலர். அதுவும் நான்கு ஆண்டுகளில், தவணை தவணையாக. அதிக ஆபத்து என்று தெரிந்தே அதிக வட்டிக்குக் கடன் கொடுத்த பன்னாட்டுப் பத்திரதாரர்களுடனான மறுசீரமைப்பு முடிய 2024 டிசம்பர் ஆயிற்று. மக்கள் திருந்த வேண்டிய காலம் வாரங்களில் கணக்கிடப்பட்டது. கடன் கொடுத்தவர்களுக்கோ ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது.

நிதியத்தின் கட்டண முறையும் கெயின்ஸின் விதியைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. தன் ஒதுக்கீட்டைப்போலப் பல மடங்கு கடன் பெற்ற நாடு வழக்கமான வட்டிக்கு மேல் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 அக்டோபரில் இந்தச் சுமை குறைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை. நிதியத்தின் மூலம் கடனளிக்கும் வலுவான நாடுகளுக்கோ வட்டி கிடைக்கிறது. அளவுமீறிய உபரிக்கு ஒரு காசும் கட்டணம் இல்லை.

எஸ்.டி.ஆர். எனப்படும் சிறப்பு எடுப்புரிமையின் கதையும் இத்தகையதே. 1969-இல் உருவான அது, பான்காரின் தூரத்து உறவு. கொரோனா காலத்தில், 2021 ஆகஸ்டில் 65,000 கோடி டாலர் மதிப்புக்கு அது புதிதாக வழங்கப்பட்டது. தேவையைப் பார்த்துப் பங்கிடாமல் நிதியத்தில் உள்ள ஒதுக்கீட்டைப் பார்த்துப் பங்கிட்டதால், தேவையே இல்லாத அமெரிக்காவுக்கு 11,000 கோடி டாலருக்கு மேல் சென்றது. செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த இலங்கைக்கு 78.7 கோடி டாலர் கிடைத்தது.

எதிர்வாதங்கள்

உபரி என்பது உழைப்புக்கும் சிக்கனத்துக்கும் கிடைத்த பரிசு, அதற்கு ஏன் கட்டணம் என்று கேட்பவர்கள் உண்டு. பல நேரங்களில் அது ஊதியத்தை உற்பத்தித்திறனுக்கு ஏற்ப உயரவிடாததன் விளைவு. சீனாவில் குடும்பங்களின் நுகர்வு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 விழுக்காடு அளவிலேயே இருக்கிறது. இந்தியாவில் அது 60 விழுக்காட்டை ஒட்டியது. உபரிக்கான கட்டணத்தால் முதலில் பயனடையக்கூடியவர் சீனத் தொழிலாளரே.

டாலரை விட்டுவிட்டு யுவானுக்கோ தங்கத்துக்கோ மாறலாம் என்பது இன்னொரு வாதம். 2022-இல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பு முடக்கப்பட்ட பிறகு இந்த எண்ணம் வலுத்திருக்கிறது. மத்திய வங்கிகள் தங்கம் வாங்குவதும் கூடியிருக்கிறது; நம் ரிசர்வ் வங்கியிடமும் 800 டன்னுக்கு மேல் உள்ளது. யுவானுக்கு மாறினால் எசமானர் மாறுவார், முறை மாறாது. தங்கத்தைக் குவிப்பதோ 1920-களின் பாதைக்கே திரும்புவதாகும். கையிருப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதைவிட, உபரியும் பற்றாக்குறையும் எந்த விதியின்கீழ் சரிசெய்யப்பட வேண்டும் என்பதே முதன்மையான கேள்வி.

இதற்கெல்லாம் வல்லரசுகள் ஒப்புக்கொள்ளுமா என்பதே வலுவான ஐயம். நிதியத்தின் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஒதுக்கீடுகளை 50 விழுக்காடு உயர்த்த முடிவெடுத்தபோதும் நாடுகளின் பங்கு விகிதம் மாறவில்லை. பான்கார் நாளையே பிறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. எனினும், 1944-இல் விதியை மறுத்த உபரி நாடு இன்று உலகின் மிகப்பெரிய பற்றாக்குறை நாடாகத் தவிக்கிறது. இன்றைய உபரி நாடும் என்றும் உபரியாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2009-இல் சீன மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த சோ சியாவ்சுவான் கெயின்ஸின் பான்காரைப் பாராட்டி, எஸ்.டி.ஆரின் பங்கை விரிவாக்கக் கோரியதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

இந்தியா செய்யக்கூடியவை

முதலாவது, எஸ்.டி.ஆர். வழங்கலை நெருக்கடிக்கால அதிசயமாக அல்லாமல், ஒழுங்கான இடைவெளியில் நிகழும் நடைமுறையாக்கவும், வலுவான நாடுகள் பயன்படுத்தாத பங்கைத் தேவையுள்ள நாடுகளுக்குத் திருப்பிவிடவும் இந்தியா கோர வேண்டும். இரண்டாவது, கடனாளிகளிடம் வசூலிக்கும் கூடுதல் கட்டணத்தை நீக்கி, அளவுமீறிய உபரிக்குக் கட்டணம் விதிக்கும் விதியை முன்மொழிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறைக்கு எச்சரிக்கை எல்லை 4 விழுக்காடு. உபரிக்கு 6 விழுக்காடு. எல்லையிலேயே பாரபட்சம் இருக்கிறது. அந்த உபரி எல்லையைப் பல ஆண்டுகள் தாண்டிய ஜெர்மனி அபராதம் எதுவும் கட்டவில்லை. இரண்டுக்கும் ஒரே எல்லை, ஒரே கட்டணம் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும். மூன்றாவது, நிலையற்ற மூலதன வரவையும் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தும் உரிமையை எந்த வாணிப ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கெயின்ஸ் வலியுறுத்திய அந்த உரிமை நிதியத்தின் சட்டவிதிகளில் இன்றும் இருக்கிறது. பிரிக்ஸ் அமைப்பின் 2026-ஆம் ஆண்டுத் தலைமைப் பொறுப்பு இந்தியாவுக்கு உரியது என்பதால், இவற்றை முன்வைக்க மேடையும் உண்டு.

நான்காவதற்கு வல்லரசுகள் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 1974-இல் உருவாகி, டெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஆசியத் தீர்வு ஒன்றியத்தில் இந்தியாவும் இலங்கையும் வங்கதேசமும் உறுப்பினர்கள். உறுப்பு நாடுகளின் வாணிபக் கணக்கை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று நேர்செய்து, மீதியை மட்டும் செலாவணியில் தீர்க்கும் எளிய அமைப்பு அது. 2022-இல் இலங்கை அந்த ஒன்றியத்தின் வழியே செலுத்த வேண்டிய தொகைகளைத் தள்ளிவைக்க இந்தியா இசைந்தது. 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதியையும், எரிபொருளுக்கும் உணவுக்கும் கடனையும் தந்தது. அந்த ஆண்டில் இந்தியா அளித்த ஆதரவு மொத்தம் சுமார் 400 கோடி டாலர். வேறு எந்த நாடும் அவ்வளவு விரைவாக முன்வரவில்லை.

ஆனால், அது தில்லியின் நல்லெண்ணமாகவே நிகழ்ந்தது. இலங்கைக்கு உரிய உரிமையாக எந்த விதியிலும் இல்லை. இலங்கை, வங்கதேசம், நேபாளம் ஆகியவற்றுடனான வாணிபத்தில் இந்தியாவே உபரி நாடு. உலக அரங்கில் நாம் கோரும் நியாயத்தை நம் அண்டை நாடுகளுடனான கணக்கில் முதலில் ஏற்க வேண்டும். உபரி ஒரு வரம்பைத் தாண்டினால், தானாகவே கடன் வசதி விரிவடையவும், அண்டை நாட்டுப் பொருள்களுக்கு நம் சந்தை மேலும் திறக்கவும் வழிசெய்யும் விதியை இந்தியா இந்த ஒன்றியத்துக்குள் முன்மொழியலாம். பிரிட்டனின் நல்லெண்ணத்தை நம்பும்படி 1944-இல் நமக்குச் சொல்லப்பட்டபோது, அது போதாது என்றுதான் இந்தியப் பிரதிநிதிகள் வாதாடினார்கள். கொழும்பும் டாக்காவும் இன்று நம்மிடம் அதையே சொன்னால், மறுப்பதற்கு நமக்கு நியாயம் ஏதும் இல்லை.